ஃபர்னஸ் வாங்கும் முன் வீட்டை அளப்போம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்டன் பக்கம் வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்களிடம் ஜனவரி பிறந்தால் கேட்கக்கூடிய குறை ஒன்று உண்டு. நிலவறையில் இருக்கும் ஃபர்னஸ் பெரும் இரைச்சலோடு ஓடத் தொடங்கும். ஐந்து நிமிடத்தில் வரவேற்பறையில் புழுக்கம் வந்துவிடும். உடனே நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். இத்தனை தடவை ஓடியும், கார் கொட்டகைக்கு மேலே இருக்கும் படுக்கையறையில் மட்டும் குளிர் விடாது. பிள்ளைகள் காலுறையோடு படுப்பார்கள். "ஃபர்னஸ் பழசாப் போச்சு, சக்தி காணாது. மாத்தேக்க பெரிசாப் போடுவம்" என்று வீட்டில் பேச்சு முடியும்.

இப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் உண்மை நேர் தலைகீழ். நின்று நின்று ஓடும் ஃபர்னஸ், அந்த வீட்டின் தேவைக்கு மிஞ்சிப் பெரிதாக இருப்பதால்தான் அப்படி ஓடுகிறது. படுக்கையறை குளிர்வதற்கும் அதுவே ஒரு காரணம். இன்னும் பெரிதாக ஒன்றை வாங்கி வைத்தால், அடுத்த 15, 20 ஆண்டுகளுக்கு அதே குறையோடு, இன்னும் கூடுதலான இரைச்சலோடு வாழ வேண்டியதுதான். அதனால் புதிய ஃபர்னஸுக்கு வீட்டைத் தயார்செய்வது என்றால், பொருள்களை ஒதுக்கி இடம் விடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். ஃபர்னஸ் என்பது ஒரு பெரிய தகரப் பெட்டி. உள்ளே எரிவாயு எரிகிறது. எரிந்த புகை உலோகக் குழாய்களுக்குள் ஓடி வெளியே போய்விடுகிறது. வீட்டுக் காற்று அந்தக் குழாய்களின் வெளிப்புறத்தைத் தொட்டுக்கொண்டு போய்ச் சூடாகிறது. புகையும் காற்றும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை. ஒரு பெரிய விசிறி, சூடான காற்றைத் தகரக் குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் தள்ளுகிறது. சுவரில் மாட்டிய தெர்மோஸ்டாட் கூடத்தின் வெப்பநிலையைப் பார்த்து, எரி என்றும் நில் என்றும் உத்தரவு கொடுக்கிறது.

வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். தொட்டியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை பல சிறு விரிசல்கள். தண்ணீர் மட்டம் ஏற ஏற அதிக விரிசல்கள் வழியாக, அதிக வேகத்தில் ஒழுகும். கீழே ஒரு மோட்டார். மட்டம் குறைந்தால் மோட்டாரை ஓடவிட்டு, நிறைந்தால் நிறுத்துகிற மிதவை ஒன்று தொட்டிக்குள். இங்கே தண்ணீர் மட்டம்தான் வீட்டுக்குள் இருக்கும் வெப்பநிலை, விரிசல்கள் சுவரும் ஜன்னலும் கூரையும், மோட்டார் ஃபர்னஸ், மிதவை தெர்மோஸ்டாட். மட்டத்தைக் குறித்த கோட்டில் வைத்திருக்க மோட்டார் எவ்வளவு இறைக்க வேண்டும்? ஒழுகுகிற அளவுக்குத்தான். தொட்டி எவ்வளவு பெரியது என்பது இந்தக் கேள்விக்குள் வரவே இல்லை.

ஒழுகலைப்போல் மூன்று மடங்கு இறைக்கும் மோட்டாரை அங்கே வைத்தால் மிதவை சட்டென்று ஏறும், மோட்டார் நிற்கும், மட்டம் இறங்கும், மறுபடி ஓடும். வீட்டிலும் இதுவேதான். பெரிய ஃபர்னஸ் ஓடத் தொடங்கியதும் முதல் ஓரிரு நிமிட வெப்பம் தன் இரும்பையும் குழாய்களையும் சூடாக்குவதிலேயே போகிறது. பக்கத்தில் இருக்கும் கூடம் அதற்குள் சூடாகி, தெர்மோஸ்டாட் நில் என்கிறது. நீண்ட குழாயின் கடைக்கோடியில் இருக்கும் படுக்கையறைக்குச் சூடான காற்று சரியாகப் போய்ச் சேருவதற்குள் கடை மூடப்படுகிறது. தேவைக்கு ஒத்த அளவுள்ள ஃபர்னஸோ கடுங்குளிர் நாளில் மணிக்கணக்கில் நிதானமாக ஓடும். குழாய்கள் சூடாகவே இருக்கும், எல்லா அறைகளுக்கும் பங்கு கிடைக்கும். நிற்காமல் ஓடும் ஃபர்னஸைக் கண்டு பலரும் பயப்படுகிறார்கள். கடுங்குளிரில் அது ஆரோக்கியத்தின் அடையாளம்.

ஃபர்னஸின் அளவைப் பிடியூ என்ற அலகில் சொல்வார்கள். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம் ஒரு பிடியூ. நம் ஊரில் ஒரு டன் ஏசி என்கிறோமே, அது ஒரு மணி நேரத்தில் 12,000 பிடியூ வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றுவது. நிலவறைக்கு இறங்கி, உங்கள் ஃபர்னஸின் முன்பக்கத் தகரத்தைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பெயர்ப் பலகையில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று ஒரு மணி நேரத்தில் எரிவாயுவாக உள்ளே போகும் வெப்பம், மற்றது காற்றில் ஏறி வீட்டுக்கு வரும் வெப்பம். பழைய பெட்டி என்றால் 1,00,000 உள்ளே, 80,000 வெளியே என்பதுபோல் இருக்கும். 20 சதவீதம் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது என்று பொருள்.

மணிக்கு 80,000 பிடியூ என்பது ஏறக்குறைய 23 கிலோவாட். சாதாரண வீட்டுக்கு அது தேவைதானா? விற்பனையாளர் பெரும்பாலும் "வீடு எத்தனை சதுர அடி?" என்று கேட்டு, மனக்கணக்காக ஓர் எண்ணைச் சொல்வார். அல்லது பழைய பெட்டியில் இருக்கும் எண்ணையே எழுதிக்கொள்வார். பழையதைப் பொருத்தியவரும் அதற்கு முன்பு இருந்ததைப் பார்த்து எழுதியிருப்பார். இடையில் யாரோ ஜன்னலை மாற்றியிருப்பார்கள், கூரைக்குள் வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு நிரப்பியிருப்பார்கள். அதையெல்லாம் அந்த எண் அறியாது. குளிர்கிறது என்று வாடிக்கையாளர் திரும்ப அழைத்துவிடக் கூடாதே என்ற பயத்தில் ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் கூட்டியே வைத்துவிட்டது.

சரியான அளவு எது என்று கேட்டால், எத்தனை டிகிரி குளிருக்கு என்ற எதிர்க்கேள்வி வரும். இதற்காகக் கனடாவின் கட்டட விதிகள் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு குளிர் எண்ணைக் குறித்து வைத்திருக்கின்றன. வடிவமைப்பு வெப்பநிலை என்று அதைச் சொல்லலாம். பல்லாண்டு வானிலைப் பதிவுகளை எடுத்து, ஜனவரி மாதத்தின் மொத்த மணி நேரத்தில் 2.5 சதவீதம் மட்டுமே இதைவிடக் குளிராக இருக்கும் என்கிற புள்ளியைக் கண்டுபிடிக்கிறார்கள். ஜனவரியில் 744 மணி நேரம். அதில் ஏறக்குறைய 19 மணி நேரம்தான் அந்த எண்ணுக்குக் கீழே போகும், அதுவும் பெரும்பாலும் விடியற்காலையில். டொராண்டோ வட்டாரத்துக்கு அந்த எண் மைனஸ் 18 முதல் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் வீட்டை 21, 22 டிகிரியில் வைத்திருக்கும் ஃபர்னஸ் போதுமானது.

அந்த அளவை வீட்டுக்காரரே ஓரளவுக்குக் கணித்துவிடலாம். எரிவாயு ரசீது ஒன்று போதும். உதாரணத்துக்கு ஒரு வீடு ஜனவரி மாதத்தில், குளிக்கிற வெந்நீர்க் கணக்கைக் கழித்துவிட்டு, சூட்டுக்கு மட்டும் 400 கன மீட்டர் எரித்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 10.4 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. பழைய ஃபர்னஸில் 80 சதவீதம்தான் வீட்டுக்கு வரும். அப்படியானால் மாதம் முழுவதும் வீட்டுக்குள் வந்தது சுமார் 3,300 கிலோவாட் மணி. அதை 744 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் சராசரியாக 4.5 கிலோவாட். அந்த மாதத்தின் சராசரி வெளி வெப்பநிலை மைனஸ் 4 என்று கொள்வோம். வீடு 21 டிகிரியில் இருந்தாலும் மனிதர் உடல், அடுப்பு, குளிர்பெட்டி, ஜன்னல் வெயில் எல்லாம் சேர்ந்து சில டிகிரிகளைத் தாமே பார்த்துக்கொள்ளும். அதனால் வானிலைத் துறையினர் 18 டிகிரியிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். 18க்கும் மைனஸ் 4க்கும் இடைவெளி 22 டிகிரி. மைனஸ் 20 ஆகும்போது இடைவெளி 38. வெப்ப இழப்பு இந்த இடைவெளிக்கு நேர் விகிதத்தில் கூடும். ஆகவே அந்தக் கொடுங்குளிரிலும் இந்த வீட்டுக்குத் தேவை 7.7 கிலோவாட், அதாவது சுமார் 26,000 பிடியூ. பெட்டி தருவதோ 80,000.

எண்களை நம்ப மனம் வராதவர்கள் கடிகாரத்தை நம்பலாம். மைனஸ் 18, 20 என்று வானிலை அறிவிப்பு வரும் இரவில், தெர்மோஸ்டாட்டில் கை வைக்காமல், பெட்டிக்குள் நெருப்பு எத்தனை நிமிடம் எரிகிறது என்று ஒரு மணி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 நிமிடம் எரிந்தால், ஊரின் மிகக் கடுமையான குளிரிலும் அந்த ஃபர்னஸின் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது. இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. ஃபர்னஸ் மாற்றப் போகிற ஒவ்வொரு வீட்டிலும், பழையது பிழைத்திருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பழுதான பிறகு, நடுங்கிக்கொண்டே ஒரே நாளில் எடுக்கும் முடிவுதான் எப்போதும் பெரிய பெட்டியில் போய் முடிகிறது.

முறையான கணக்கைப் பயிற்சி பெற்றவர்கள் போடுவார்கள். கனடாவில் அதற்கு சிஎஸ்ஏ எஃப்280 என்ற தர விதி இருக்கிறது. அமெரிக்காவில் மானுவல் ஜே. ஒவ்வோர் அறைக்கும் சுவரின் பரப்பு, ஜன்னலின் வகை, கூரைப் பஞ்சின் கனம், காற்றுக் கசிவு எல்லாவற்றையும் எடுத்துத் தனித்தனியாக இழப்பைக் கூட்டுவது அது. விலைப்பட்டியல் தருபவரிடம் "எஃப்280 கணக்கு போட்டுத் தருவீர்களா?" என்று கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே பல விஷயங்கள் புரிந்துவிடும்.

கணக்கு ஒரு பக்கம் இருக்க, வீடு வேறொரு பக்கம் ஏமாற்றக்கூடும் என்று அறிவியலாளர்கள் கண்டுகொண்ட கதை சுவையானது. 1970களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ ஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பை எடுத்துக்கொண்டார்கள். ராபர்ட் சோகலோ அந்தக் குழுவின் முன்னோடிகளில் ஒருவர். ஒரே வரைபடத்தில், ஒரே கட்டுமானக்காரர் கட்டிய வரிசை வீடுகள் அவை. சதுர அடியில் வித்தியாசமே இல்லை. ஆனால் சூட்டுக்கு எரித்த எரிவாயு, வீட்டுக்கு வீடு இரண்டு மடங்குக்கும் மேல் வேறுபட்டது. அதில் ஒரு பங்கு குடியிருப்பவர்களின் பழக்கவழக்கம்.

அதைவிட ஆச்சரியம் கூரைக்குள் இருந்தது. மேல்தளத்துக் கூரைக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள பரண் வெளியில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார்கள். கீழே பஞ்சு பரப்பியிருப்பதால் பரண் கிட்டத்தட்ட வெளிக்குளிரோடு ஒத்திருக்க வேண்டும் என்றது பாடப்புத்தகக் கணக்கு. வெப்பமானி அதை ஏற்கவில்லை. பரண் எதிர்பார்த்ததைவிடச் சூடாக இருந்தது. ஜான் பெய்யா, கௌதம் தத் முதலியோர் கணக்கிட்டபோது, பரண் வழியாகப் போகும் வெப்பம் பஞ்சின் தடையை வைத்துச் சொன்ன அளவைப்போல் பல மடங்கு என்று தெரிந்தது. பஞ்சு இருக்கும் இடத்தில் பஞ்சு ஒழுங்காகவே வேலை செய்தது. ஃபர்னஸின் புகைக்குழாயைச் சுற்றி விட்டிருந்த இடைவெளி வழியாகவும், இரண்டு வீடுகளுக்கு நடுவே இருந்த பொதுச் சுவரின் உள்வெற்றிடங்கள் வழியாகவும், நிலவறைச் சூடான காற்று பஞ்சைத் தொடாமலேயே நேராகப் பரணுக்கு ஏறிக்கொண்டிருந்தது. இதை வெப்பக் குறுக்குவழி என்று சொல்லலாம். அடிக்கணக்கில் பஞ்சு போட்டாலும் குறுக்குவழியை அடைக்காவிட்டால் பயன் பாதிதான் என்பது அங்கேதான் கண்ணுக்குத் தெரிந்தது.

காற்று ஏன் அப்படி ஏற வேண்டும்? சூடான காற்று இலேசானது. குளிர்காலத்து வீடு முழுவதும் வெளியில் இருப்பதைவிட இலேசான காற்றால் நிறைந்திருக்கிறது. மேல்தளத்து ஓட்டைகள் வழியாக அது வெளியே தள்ளிக்கொண்டு போகும். போன இடத்தை நிரப்ப, நிலவறையின் விளிம்பு வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் குளிர்காற்று உள்ளே வரும். புகைபோக்கி விளைவு என்று இதற்குப் பெயர். காலில் குளிர் அடிக்கிறதே என்று வாசற்கதவைத் துணியால் அடைப்பவர்கள் உண்டு. காலில் அடிக்கும் குளிரின் வேர் பல வீடுகளில் பரண் ஓட்டையில் இருக்கிறது. மேலே அடைத்தால் கீழே இழுப்பு தானாகக் குறையும்.

இந்த ஓட்டைகளை அளக்க ஒரு சோதனை இருக்கிறது. வாசற்கதவைத் திறந்து, அந்த இடத்தில் துணித் திரை போர்த்திய சட்டத்தைப் பொருத்தி, நடுவே பெரிய விசிறி ஒன்றை வைப்பார்கள். அதற்கு முன் ஃபர்னஸையும் எரிவாயு வெந்நீர்க் கலனையும் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புகை உள்ளே இழுபடும். விசிறி வீட்டுக் காற்றை வெளியே தள்ளத் தள்ள, உள்ளே அழுத்தம் குறையும். 50 பாஸ்கல் வித்தியாசம் வந்ததும் அதிலேயே நிறுத்திவைப்பார்கள். மணிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேலான காற்று வீட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் அடிப்பதற்கு அது சமம். அப்போது விசிறி வெளியே அனுப்பும் காற்றின் அளவே ஓட்டைகள் வழியாக உள்ளே வரும் காற்றின் அளவு. ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று எத்தனை முறை முழுதாக மாறுகிறது என்று அறிக்கை வரும். எல்லா இடுக்குகளையும் ஒன்றுசேர்த்தால் எத்தனை சதுர அங்குல ஓட்டை என்றும் கணக்கிட்டுச் சொல்வார்கள்.

விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வீட்டைச் சுற்றி வாருங்கள். வெளிச்சுவரில் இருக்கும் மின்செருகியின் முன்னால் பிடித்தால், நேராக ஏறிக்கொண்டிருந்த புகை சட்டென்று ஒடிந்து அறைக்குள் சாயும். கூரையில் பதித்த விளக்குகளின் விளிம்பில், பரணுக்கு ஏறும் மூடியின் ஓரத்தில், குளியலறை விசிறியைச் சுற்றி, நிலவறையில் கான்கிரீட் சுவரின் மேல் மரம் உட்காரும் விளிம்பில் எல்லாம் புகை தடுமாறும். எந்த ஜன்னலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோமோ, அதன் முன்னால் பல சமயம் புகை அசையாமல் நிற்கும். கண்ட இடத்தில் எல்லாம் சாக்பீஸால் குறி வையுங்கள். அடைக்கும் பசைக் குழாய் ஒன்றின் விலை மிகச் சொற்பம்.

அடைப்பதிலும் போர்த்துவதிலும் எதுவரை போகலாம் என்பதற்கு ஒரு வீடு சாட்சி. 1977-இல் சஸ்காட்சுவான் மாகாணத்தின் ரெஜைனா நகரில், ஹெரால்ட் ஓர் என்ற பொறியாளர் உள்ளிட்ட குழு ஒரு வீட்டைக் கட்டியது. மைனஸ் 30 சர்வசாதாரணமாக வந்து போகும் ஊர் அது. கனமான சுவர், இறுக்கமான காற்றுத் தடுப்பு, வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் புதுக் காற்றுக்கு மாற்றித் தரும் பெட்டி. அந்த வீட்டில் ஃபர்னஸே இல்லை. மைனஸ் 23 டிகிரியில்கூட அதன் தேவை 3 கிலோவாட் அளவில்தான் இருந்தது. பின்னாளில் ஜெர்மனியில் தோன்றிய பாசிவ்ஹவுஸ் என்ற வீடு கட்டும் முறைக்கு அது ஒரு முன்னோடி. நம் பழைய வீடுகளை அந்த நிலைக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் நமது உதாரண வீட்டின் இழப்பில் கால்பங்கைக் குறைத்தாலே 26,000 பிடியூ என்பது 20,000க்கும் கீழே வந்துவிடும். பரவலாகக் கிடைக்கும் மிகச் சிறிய எரிவாயு ஃபர்னஸே 30,000, 40,000 அளவில்தான் தொடங்குகிறது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் ஓட்டைகளை அடைப்பது, பிறகு பரணில் பஞ்சைக் கூட்டுவது, அதன்பின் ஃபர்னஸின் அளவைத் தீர்மானிப்பது. வரிசையை மாற்றி முதலில் ஃபர்னஸ் வாங்கினால், பின்னால் செய்யும் ஒவ்வொரு நல்ல வேலையும் அந்தப் பெட்டியை இன்னும் பொருந்தாததாக ஆக்கும். பரணில் ஏறும்போது ஓர் எச்சரிக்கை. பஞ்சுக்குப் பதிலாகச் சாம்பல், தங்க நிறத்தில் மினுமினுக்கும் கூழாங்கல் போன்ற துகள்கள் கிடந்தால் அது வெர்மிகுலைட். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து லிபி சுரங்கத்திலிருந்து வந்து ஸோனோலைட் என்ற பெயரில் விற்ற சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. பழைய தகரக் குழாய்களின் மூட்டுகளில் சுற்றிய வெள்ளை நாடாவிலும் அது இருக்கக்கூடும். தொடாதீர்கள், பெருக்காதீர்கள். மாதிரி எடுத்துச் சோதிக்க ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட்ட பிறகுதான் மற்ற வேலை.

அடுத்தது குழாய்கள். ஃபர்னஸ் மாற்றும்போது குழாய்களை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். விசிறி காற்றைத் தள்ள, குழாய்கள் தடுக்கின்றன. அந்தத் தடையை நீர்மட்ட அங்குலத்தில் அளப்பார்கள். பெரும்பாலான வீட்டு ஃபர்னஸ்கள் அரை அங்குலத் தடைக்குத்தான் வடிவமைக்கப்படுகின்றன. சிறிய ஃபர்னஸுக்காகப் போட்ட குழாய்களில் பெரிய ஃபர்னஸை மாட்டினால் தடை எகிறும், காற்று குறையும், உள்ளே உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகி, பாதுகாப்பு விசை தானே நெருப்பை அணைத்துவிடும். ஃபர்னஸுக்குக் காற்றைத் திருப்பிக் கொண்டுவரும் வாய்களைச் சோபாவாலும் அலமாரியாலும் மறைத்தாலும் இதே விளைவுதான். கதவைச் சாத்திய படுக்கையறையிலிருந்து காற்று திரும்பி வர வழி இல்லை என்றால், சூடான காற்று உள்ளே போகவும் மறுக்கும். ஆள் வராத அறையின் காற்று வாயை மூடிவைத்தால் மிச்சம் என்று நினைப்பதும் தவறு. பழைய பெட்டி இருக்கும்போதே இரண்டு துளை போட்டு அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள், சில நிமிட வேலை.

இனி புதிய ஃபர்னஸ் எப்படிப் பழையதிலிருந்து வேறுபடுகிறது என்று பார்ப்போம். எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அது எரிந்தால் கார்பன் டைஆக்சைடோடு தண்ணீரும் பிறக்கிறது, ஆவியாக. ஒரு கன மீட்டர் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீருக்கு இணையான ஆவி. இந்த ஆவிக்குள் ஒளிந்திருக்கும் வெப்பத்தை உள்ளுறை வெப்பம் என்று பள்ளியில் படித்திருப்போம். எரிவாயுவின் மொத்த வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு இது. பழைய ஃபர்னஸ் ஆவியை ஆவியாகவே புகைபோக்கிக்கு அனுப்பியது. புதியதில் இரண்டாவதாக ஒரு வெப்ப மாற்றி இருக்கிறது. அது புகையை ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே குளிர்விக்கிறது. ஆவி நீராக மாறி வடிகிறது, ஒளிந்திருந்த வெப்பம் வீட்டுக்கு வருகிறது. 2019 ஜூலை முதல் கனடாவில் விற்பனைக்காகத் தயாராகும் வழக்கமான வீட்டு எரிவாயு ஃபர்னஸ்கள் குறைந்தது 95 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் இருப்பது இந்த நீர்தான்.

அந்த நீரோடு வீட்டுக்கு இரண்டு புதிய தேவைகள் வருகின்றன. ஒன்று வடிகால். மாதம் 400 கன மீட்டர் எரியும் வீட்டில் ஒரு நாளைக்கு 20 லிட்டர் அளவுக்கு ஆவி பிறக்கிறது. அதில் கணிசமான பங்கு குழாய் வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கும், சற்று அமிலத் தன்மையோடு. பக்கத்தில் தரை வடிகால் இல்லையென்றால் சிறு பம்பு தேவை. குளிரில் உறையக்கூடிய இடத்தில் அந்தக் குழாயை விடக் கூடாது. இரண்டு, புகை இனி சூடாக இல்லாததால் செங்கல் புகைபோக்கியில் தானாக ஏறாது. விசிறியின் தள்ளலில், இதற்கென்று சான்று பெற்ற பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பக்கச் சுவரைத் துளைத்து வெளியே போகும். அந்தத் துளை எங்கே வரும் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பனி குவியும் உயரத்துக்கு மேலேயும், ஜன்னலுக்கும் எரிவாயு மீட்டருக்கும் விதிப்படித் தள்ளியும் இருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. பழைய வீடுகளில் ஃபர்னஸும் எரிவாயு வெந்நீர்க் கலனும் ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்துகொண்டிருக்கும். ஃபர்னஸின் சூடான புகைதான் அந்தப் பெரிய செங்கல் குழாயைச் சூடாக வைத்து, இழுப்பை உண்டாக்கி வந்தது. ஃபர்னஸ் சுவர் வழியாகப் போகத் தொடங்கியதும், வெந்நீர்க் கலன் தனியாக விடப்படுகிறது. அதன் சிறிய புகை அந்த அகன்ற குழாயில் குளிர்ந்து, சுவரில் நீராகப் படிந்து செங்கலை அரிக்கும். இழுப்பு போதாத நாளில் புகை நிலவறைக்கே திரும்பும். வீட்டின் ஓட்டைகளை அடைத்து, சமையலறை விசிறியையும் ஓடவிட்டால் இந்த வாய்ப்பு இன்னும் கூடும். புகைபோக்கிக்குள் சரியான அளவுள்ள உலோக உறையை இறக்க வேண்டும், அல்லது விசிறியோடு வரும் வெந்நீர்க் கலனுக்கு மாற வேண்டும். விலைப்பட்டியலில் இது பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், அந்தப் பட்டியல் முழுமையானதல்ல.

திரும்பி வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். நிறமில்லை, மணமில்லை. 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் நகரில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டதால் ஹாக்கின்ஸ் குடும்பத்தில் நால்வரும் இறந்துபோனார்கள். அவர்கள் பெயரைத் தாங்கிய சட்டம் 2013-இல் நிறைவேறி, எரிபொருள் எரியும் வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே எச்சரிக்கை மணி கட்டாயமானது. அந்த மணிகளுக்கும் காலாவதித் தேதி உண்டு. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஃபர்னஸ் பொருத்தும் நாளுக்கு முன்பே அது வேலை செய்கிற நிலையில் இருக்க வேண்டும்.

மற்றவை எளிய வேலைகள். வாசலிலிருந்து நிலவறைப் படி வரை வழி விடுங்கள், ஃபர்னஸைச் சுற்றி ஆள் நின்று வேலை செய்ய இடம் வேண்டும், பெயின்ட் டப்பாக்களையும் கரைப்பான்களையும் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். அவற்றின் ஆவி எரியறைக்குள் போனால் உலோகத்தை அரிக்கும். பொருத்துபவருக்கு ஒன்டாரியோவில் எரிபொருள் பாதுகாப்பைக் கண்காணிக்கும் டிஎஸ்எஸ்ஏ அமைப்பின் உரிமம் இருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள். நீங்கள் அழைக்காமல் வீடு தேடி வந்து கையெழுத்துக் கேட்பவரிடம் பேசவே வேண்டாம். 2018 மார்ச் முதல் தேதியிலிருந்து ஃபர்னஸ், வெந்நீர்க் கலன் போன்றவற்றை அப்படி வாசலில் விற்பது மாகாணத்தில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இதைச் சொல்லி வையுங்கள்.

வீட்டை அளந்து, தேவை 8 கிலோவாட்டுக்குக் கீழே என்று தெரிந்தவர்களுக்கு இன்னொரு கதவும் திறக்கிறது. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உள்ளே இறைக்கும் வெப்ப ஏற்றி, அதாவது ஹீட் பம்ப், அந்த அளவு தேவையைப் பனிக்காலத்தின் பெரும்பகுதிக்குத் தானே சமாளிக்கும். எரிவாயுவைக் கொடுங்குளிர் நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அப்படி எண்ணுகிறவர்கள் மின்பலகையில் இடமும் திறனும் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

பொருத்தி முடித்ததும் பொருத்துநர் கிளம்பும் முன் மூன்று அளவுகளைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எரிவாயுவின் அழுத்தம் ஒன்று. குழாய்களின் மொத்தக் காற்றுத் தடை ஒன்று. ஃபர்னஸுக்குள் போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் மூன்றாவது. இந்த வித்தியாசம் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று புதிய பெயர்ப் பலகையிலேயே அச்சிட்டிருக்கும். மேல் எல்லையைத் தாண்டினால் காற்று போதவில்லை, குழாயிலோ வடிகட்டியிலோ விசிறியின் வேகத்திலோ குறை இருக்கிறது. கீழ் எல்லைக்கும் கீழே என்றால் காற்று மிஞ்சுகிறது. வேகத்தை மாற்றியமைக்க அவருக்குச் சில நிமிடம்தான் ஆகும், அதை அன்றைக்கே செய்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.